டெஸ்டருக்குத் தெரியாத கரண்ட்

இருபத்தாறு வருஷமாக எனக்கு வயரிங் தொழில். கண்டிப் பக்கம் மஹய்யாவையிலிருந்து பிலிமத்தலாவை வரை நான் வயர் இழுத்த வீடுகளில் இன்றுவரை ஒருவருக்கும் ஷொக் அடித்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் கடைசியில் என் மனைவியின் முழங்காலில் போய்க் கை வைத்தது. ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மனைவி பெயர் நிரஞ்சனி. கண்டி டவுனில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் பீ.டி. டீச்சர். வலைப்பந்து அணிக்கும் அவள்தான் கோச். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக இரண்டு பேரும் அழுது முடித்துப் பல வருஷமாகிவிட்டது. எனக்குப் பிள்ளை இல்லை என்பது உண்மை. அவளுக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு ஜனவரியும் அவளுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். யாருக்கு வீட்டில் சாப்பாடு இல்லை, யாருக்குச் சப்பாத்து கடிக்கிறது, யாருடைய அப்பா குடிக்கிறார் என்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சோற்றுக் கோப்பையோடு சேர்ந்து வரும். அலுமாரியில் என் சட்டைகளுக்கு ஒரே ஒரு தட்டு. மற்றதெல்லாம் ஜேர்ஸியும் பந்தும்.

போன மார்ச்சில் ஒரு பின்னேரம், மழை விட்டு அரை மணித்தியாலம்தான் இருக்கும். சீமெந்துக் கோர்ட் இன்னும் காயவில்லை. ஒரு பிள்ளைக்குத் திரும்புவது எப்படி என்று காட்டப் போயிருக்கிறாள். பந்தைப் பிடித்து, இடது காலில் இறங்கி, அந்தக் காலை எடுக்காமல் அதிலேயே சுழல வேண்டும். உடம்பு சுழன்றது. கால் அப்படியே நின்றுவிட்டது. "டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சி அங்கிள்," என்று பிள்ளைகள் போனில் அழுதார்கள். நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டுக் கூரைக்குள் ஏறியிருந்தேன். எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

ஸ்கேனைப் பார்த்து எங்களுக்கு விளக்கியவர் டொக்டர் இல்மா. சின்ன வயசு, மெதுவான பேச்சு, அவசரமே கிடையாது. மூட்டில் எலும்பின் நுனியை மூடியிருக்கிற குருத்தெலும்பு பெருவிரல் நகம் அளவுக்குப் பிய்ந்துவிட்டது என்றார்.

"எலும்பு முறிஞ்சா ஒட்டும். தோல் கிழிஞ்சா மூடும். ஆனா இந்தக் குருத்துக்கு ரத்த ஓட்டம் இல்ல டீச்சர். அதால தானா வளர்றது ரொம்பக் குறைவு. நாங்க சுத்தம் செஞ்சு, கீழ எலும்புல சின்னச் சின்ன ஓட்டை போட்டு விடுவோம். அதுக்குப் பிறகு அந்த இடத்துல புதுசா வளந்து மூடணும்."

"மூடாட்டி?" என்று நிரஞ்சனி கேட்டாள்.

"நடக்கலாம். படி ஏறலாம். ஓடுறது, குதிச்சு இறங்குறது, திரும்புறது... அதெல்லாம் விட வேண்டி வரும்."

"அப்ப நான் கதிரையில இருந்துகிட்டு விசில் ஊதவா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவளுக்கு நாற்பத்தொரு வயசு. கதிரையில் உட்கார்ந்து விசில் ஊதும் டீச்சர்மாரை அவள் எப்படிப் பழிப்பாள் என்பது எனக்குத் தெரியும். நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். டொக்டர் முன்னால் கூச்சமாக இருந்தது, பிடிக்கவில்லை.

ஒப்பரேஷன் முடிந்த பிறகு டொக்டர் இல்மா ஒரு பெட்டியைப் பற்றிச் சொன்னார். சவர்க்காரக் கட்டி அளவில் வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து இரண்டு வயர், வயர் முனைகளில் ஒட்டுகிற பட்டை. முழங்காலுக்கு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும். நான்கு மாதம். நாம் நடக்கும்போது மூட்டு அழுந்தும். அந்த அழுத்தத்தில் குருத்தெலும்புக்குள் மிக மிகச் சின்ன மின்சாரம் தானாகவே உண்டாகும். 'வளரு' என்று அங்குள்ள உயிரணுக்களுக்குச் சொல்வது அதுதானாம். காயம்பட்ட கால் நடக்காமல் கிடக்கிறபோது அதைச் சொல்ல ஆள் இல்லை. இந்தப் பெட்டி வெளியிலிருந்து அதைச் சொல்லிப் பார்க்கும். இது இன்னும் ஆராய்ச்சிதான், வேலை செய்யும் என்று சத்தியம் பண்ண முடியாது என்றும் டொக்டர் சொன்னார்.

படிவத்தில் குருத்தெலும்புக்குக் 'கசியிழையம்' என்று போட்டிருந்தார்கள். நிரஞ்சனிதான் அர்த்தம் சொன்னாள். அதில் இன்னொரு வரியும் இருந்தது. சிலருக்குக் கொடுக்கும் பெட்டியில் மின்சாரம் இருக்காது. எது எவருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால்தான் பெட்டியால் பலன் உண்டா என்று தெரிய வரும். நான் அதை வாசித்துத்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து அறுபது சொச்சம் படி ஏற வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில், "மூச்சு வாங்குது, இறக்கி விடுங்க, சீமெந்து மூட்டன்னு நெனச்சீங்களா?" என்று காதுக்குள் சிரித்தாள். பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வெளியே வந்து பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று ஏறினேன். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

காலையில் வேலைக்குப் போகுமுன் பட்டையை ஒட்டி, பெட்டியைத் துணிப் பைக்குள் வைத்து அவள் இடுப்பில் கட்டிவிடுவது என் வேலை. வயர் என்றால் அவளுக்கு எப்போதும் பயம். பகல் ஒரு மணிக்குப் பட்டையை அவளே உரித்துவிட்டுப் பையை ஆணியில் மாட்டிவிடுவாள்.

முதல் நாள், "ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டேன்.

"எறும்பு ஊர்ற மாதிரிகூட இல்லியே."

தெரியாது என்று டொக்டர் முன்னமே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் ஒரு மனுஷி எத்தனை நாளைக்கு ஒன்றும் தெரியாத ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. அவள் பேச்சுக் குறைந்தது. மூன்றாவது வாரம் அவளுடைய பிள்ளைகள் வலய மட்டப் போட்டிக்குப் போனார்கள். அவள் போக முடியவில்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். பிள்ளைகள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

"தோக்கட்டும், அது பரவால்ல. ஏசுறதுக்குக்கூட ஆளில்லாம நின்னிருக்குங்க," என்றாள். அப்போதுதான் அழுதாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, எனக்குக் குடுத்தது வெறும் பெட்டியா இருக்குமோ?"

"ச்சீ, அப்பிடியெல்லாம் இருக்காது."

"வெறும் பெட்டின்னா எனக்கு இது வேணாம். திங்கக்கெழம கொண்டு போய்க் குடுத்துருங்க. சும்மா ஆசப்பட்டுக்கிட்டு இருக்க ஏலாது."

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பெட்டியை எடுத்தேன். இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆள் தொட்டுக்கொண்டிருக்கிற வயரை நாங்கள் டெஸ்ட் பண்ண மாட்டோம். முதலில் ஆளை விலக்கு, பிறகு டெஸ்டரை வை. எனக்குத் தொழில் பழக்கிய பாஸ் கன்னத்தில் அறைந்து சொல்லிக்கொடுத்தது. ஆகவே பட்டை அவள் காலில் இல்லாத நேரமாகப் பார்த்து, பெட்டியை ஓன் பண்ணி, முனையில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. மீட்டரை வைத்தேன். சைபர். மற்ற முனை, சைபர். பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என் பெண்டாட்டியின் காலை வைத்து விளையாடுகிறார்களா? படித்தவர்கள் என்றால் யாரிடமும் செத்த பெட்டியைக் கொடுத்துவிடலாமா? நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் அந்த நேரம் எங்கே போனதோ. டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை. இருபத்தாறு வருஷம் என் உயிரைக் காப்பாற்றிய விஷயம் அது. அதை நான் சந்தேகிக்கவே இல்லை.

ஆனால் அவளிடம் எப்படிச் சொல்வது? 'ஆமாம் நிரஞ்சி, வெறும் பெட்டிதான்' என்றா? அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கட்டுகஸ்தோட்டையில் ஷிராஸ் கடை இருக்கிறது. பிரஷர் பார்க்கிற மெஷின், ஊன்றுகோல், இடுப்புப் பட்டி என்று விற்கிறவர். முதுகு வலிக்கு ஒட்டுகிற சின்ன மெஷின் ஒன்றும் அங்கே உண்டு. ஒட்டினால் விறுவிறு என்று கூசும்.

"அண்ணே, இது வலிக்குத்தான். சும்மா கொஞ்சம் மறக்கப் பண்ணும்," என்றார் ஷிராஸ். "யாருக்கு வலி?"

"எனக்குத்தான்," என்றேன்.

அடுத்த நாள் காலை ஆராய்ச்சிப் பெட்டியை ஓஃப் பண்ணி என் சாமான் பைக்குள் குறட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். ஷிராஸ் கடை மெஷினைத் துணிப் பைக்குள் வைத்துப் பட்டைகளை அதில் மாட்டினேன். ஆகக் குறைந்த அளவில்தான் வைத்தேன். பையைத் திறக்க வேண்டாம், வயர் லூஸாகும் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஏன் திறக்கப் போகிறாள்? வயர் விஷயத்தில் அவள் என்னை நம்பாமல் யாரை நம்புவாள்?

நான் கதவைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் கத்தினாள்.

"ஏங்க! ஏங்க, ஓடி வாங்க! வருது! விறுவிறுங்குது!"

அந்த முகத்தை நான் என்ன சொல்ல. கல்யாணத்துக்கு முன்னால் மாகாண அணிக்கு விளையாடிக்கொண்டிருந்தபோது இருந்த முகம். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என்னா செஞ்சீங்க?" என்றாள். "வயர் ஒண்ணு சரியா இறுகல்ல. இறுக்கி விட்டேன்," என்றேன். அரை மணித்தியாலத்தில் அந்த மெஷின் தானாக நின்றுவிடும். அதற்கும் ஒரு கதை வைத்திருந்தேன். முதல் அரை மணிக்குத்தான் தெரியும், பிறகு உள்ளே போய் வேலை செய்யும் என்று. எனக்கு இவ்வளவு கதை வரும் என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இருந்தது. சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை ஒன்றுக்கு இரண்டாகச் செய்தாள். பிள்ளைகளைப் போனில் பிடித்து ஏசினாள். ஒரு நாள் நான் வரும்போது ஊன்றுகோல் இல்லாமல் குசினியில் நின்று ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வலியும் குறைந்திருக்கிறது என்றாள். நான் செய்தது நல்ல காரியம் என்றே நினைத்தேன். நானே குணமாக்கியது போல ஒரு மிதப்பு வேறு. இப்படி இருபத்து மூன்று நாள்.

பிறகு க்ளினிக் நாள் வந்தது. விடிந்ததும் மெஷினை ஒளித்துவிட்டு, ஆராய்ச்சிப் பெட்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். டொக்டர் இல்மா முழங்காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், தசை நன்றாக ஏறியிருக்கிறது என்று சிரித்தார். பிறகு பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். பெட்டி ஒவ்வொரு நாளும் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தது என்று தானே பதிந்து வைத்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெல்லப் போனது.

"டீச்சர், கடைசி இருபத்து மூணு நாளும் இத நீங்க போடல்லயா?"

"போட்டேனே டொக்டர்! ஒரு நாள்கூட விடல்ல."

"இதுல சைபர்னு காட்டுது. ஒவ்வொரு நாளும்."

"அது எப்பிடி? காலையில ஏழு மணிக்கு ஒட்டினா பகல் ஒரு மணிக்குத்தான் எடுப்பேன். கோயில் மேல சத்தியமா."

டொக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சில பேருக்குச் சலிச்சுப் போகும், அது எனக்கு விளங்கும்," என்றார். "ஆனா சொல்லியிருக்கலாம். இவ்வளவு நாள் விட்டா ஆராய்ச்சியில வெச்சிருக்க முடியாது. பெட்டியத் திருப்பி எடுக்கணும்."

நிரஞ்சனிக்குப் பொய் என்றால் ஆகாது. வயசைக் குறைத்துச் சொன்ன ஒரு பிள்ளையை, எவ்வளவு நன்றாக விளையாடினாலும், அணியிலிருந்து எடுத்தவள். அவளுடைய கண் சிவந்துவிட்டது. "நான் பொய் சொல்ல மாட்டேன் டொக்டர். இவர்தான் தெனமும் ஒட்டி விட்டாரு. கேளுங்க. ஏங்க, சொல்லுங்களேன்!" என்று என் பக்கம் திரும்பினாள்.

நான் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த பெட்டியைப் பார்த்தேன். மின்விசிறிக்குக் கீழே நின்றும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் கூட இருந்தவள். என்ன என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் நான்தான் என்று தெரிந்துவிட்டது. பிறகு டொக்டர் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுக்கங்க டொக்டர்," என்றாள். "நான் போடல்ல. அலுத்துப் போச்சி. பொய் சொல்லிட்டேன்."

என் வாழ்க்கையில் எனக்கு ஷொக் அடித்தது அன்றைக்குத்தான். தன் முழங்காலை, தன் விளையாட்டை, தன் வாய்ச்சொல்லை எல்லாம் ஒரே பேச்சில் எனக்காகக் கொடுத்துவிட்டாள். நான் என்ன செய்தேன் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"இல்ல டொக்டர்," என்று கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அவ பொய் சொல்றா. அவ ஒரு நாளும் விடல்ல. நான்தான் பெட்டிய மாத்தினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். டெஸ்டர், மீட்டர், ஷிராஸ் கடை மெஷின், விறுவிறு, அரை மணித்தியாலக் கதை. நிரஞ்சனி குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் இல்மா கேட்டது ஒரே கேள்வி. "டெஸ்ட் பண்ணும்போது பட்ட டீச்சர்ட கால்ல இருந்துச்சா?"

"இல்ல. அவ குளிக்கப் போன நேரம்தான்."

"பட்ட தோல்ல ஒட்டியிருந்தாத்தான் இந்தப் பெட்டி கரண்ட் விடும். எடுத்தா நிப்பாட்டிக்கிடும். அப்பிடித்தான் செஞ்சிருக்காங்க. ஒட்டியிருந்தாலும் உங்கட டெஸ்டர் எரியாது. அந்தளவு சின்னக் கரண்ட்."

இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக, கரண்ட் விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நின்றேன். ஆனால் அது வெறும் பெட்டியாகவும் இருக்கலாம் அல்லவா? அப்படி இருந்தால் என்னால் நட்டம் எதுவும் இல்லை. அந்த நேரத்திலும் அதைத்தான் ஆசைப்பட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இனி ஆராய்ச்சியில் அவளைச் சேர்க்க முடியாது என்பதால் அவளுடைய பெட்டி எந்தக் கூட்டம் என்று கேட்கலாம் என்றார் டொக்டர். கேட்கவா என்று நிரஞ்சனியிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். டொக்டர் யாருக்கோ போன் எடுத்து ஒரு இலக்கத்தைச் சொன்னார். காத்திருந்தார். போனை வைத்தார்.

"கரண்ட் உள்ள பெட்டிதான்," என்றார்.

நான் அழுதுவிட்டேன். அந்நிய மனுஷர் முன்னால், ஐம்பது வயசில், கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பிறகு டொக்டர், ஆராய்ச்சியை நடத்தும் பெரியவர்களிடம் பேசி, பெட்டியை நான்கு மாதம் முடியும்வரை அவளிடமே விட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். விட்ட நாட்களையும் சேர்த்துப் போடலாம். ஆராய்ச்சிக்கு அவள் கால் உதவாது, அவள் காலுக்குப் பெட்டி உதவலாம். தொடக்க நாட்கள் முக்கியமானவை, போனது போனதுதான், எவ்வளவு நட்டம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் மறைக்காமல் சொன்னார்.

ஓட்டோவில் அவள் வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். படியடியில் வழக்கம்போல் குனிந்து முதுகைக் காட்டினேன். தாண்டிப் போய்விட்டாள். ஊன்றுகோலை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் பின்னால், விழுந்தால் பிடிக்க ஒரு படி கீழேயே ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். நானும் கீழ்ப் படியில் உட்கார்ந்தேன்.

"என்னப் பச்சப் பிள்ளையாட்டம் ஏமாத்திட்டீங்க," என்றாள். "விறுவிறுன்னதும் எவ்வளவு சந்தோசப்பட்டேன். பிள்ளைகளுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னேன்."

"நீ அழுததப் பாத்து என்னால தாங்க முடியல்ல நிரஞ்சி."

"அழுதா என்னா? அழுதா, பக்கத்துல இருந்திருக்கலாம். அதுக்கு மெஷினா வாங்கிக் குடுப்பாங்க?"

மேலே யாரோ உடுப்புக் காயப்போட வந்து, எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

"ஒண்ணும் தெரியல்லன்னு நான் சொன்னா, உங்களுக்கு உடனே அது செத்த பெட்டி," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பதினெட்டு வருஷமா உங்களக் கட்டிக்கிட்டு இருக்கேனே. ஒரு நாளாச்சும் ஆசையா ஒரு வார்த்த சொல்லியிருக்கீங்களா? எனக்கும் ஒண்ணும் தெரியாமத்தான் இருந்துச்சி. நான் உங்களக் கொண்டு போய்த் திருப்பிக் குடுத்தேனா?"

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் கையை நீட்டினாள், தூக்கிவிட.

"எனக்கு ஒன்மேல ரொம்ப ஆச," என்றேன். அந்தப் படியில், பட்டப் பகலில், பதினெட்டு வருஷம் பிந்தி.

"இப்ப சொல்லி என்னா. எந்திரிங்க, பசிக்குது," என்றாள்.

அடுத்த நாளிலிருந்து பெட்டியை அவளே கட்டிக்கொண்டாள். எனக்கு அது தண்டனைதான். ஒரு வாரம் கழித்து, வலது பக்கப் பட்டை சரியாக ஒட்டவில்லை, பாருங்கள் என்று கூப்பிட்டாள். சரியாகத்தான் ஒட்டியிருந்தது. இருந்தாலும் நான் அதை உரித்து மறுபடி ஒட்டினேன். நான்கு மாதம் முடிந்து, விட்ட இருபத்து மூன்று நாளும் முடிந்து, அவள் அந்தப் பெட்டியில் ஒரு தடவைகூட எதையும் உணரவில்லை.

டிசம்பரில் ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டர் இல்மா படத்தைத் திரையில் காட்டினார். பள்ளம் இருந்த இடம் மூடியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கோடு மெலிந்து தெரிந்தது. பெட்டியாலா, ஒப்பரேஷனாலா, அவளுடைய பயிற்சியாலா, எதனால் மூடியது என்று ஒரு காலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார். மெதுவாக ஓடலாம், திரும்பலாம், போட்டி ஆட்டம் மட்டும் வேண்டாம் என்றார்.

"அந்த மெலிஞ்ச எடம் என்ட இருபத்து மூணு நாளா டொக்டர்?" என்று கேட்டேன்.

டொக்டர் சொல்லுமுன் நிரஞ்சனி சொன்னாள்: "அதுல உங்க பேரு எழுதியா இருக்கு? சும்மா இருங்க."

ஜனவரியில் பாடசாலை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, கோர்ட்டுக்கு வரும்படி என்னைக் கூப்பிட்டாள். காலை நேரம், வெயில் வந்திருந்தது. கோர்ட் காய்ந்து கிடந்தது. யாரும் இல்லை. புதுப் பிள்ளைகள் வருமுன் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும் என்றாள். விழுந்தால் அவர்கள் பார்க்கக் கூடாது. நான் பார்த்தால் பரவாயில்லையாம்.

"நீங்கதான் என்னய மறிக்கிற ஆள். முன்னால வந்து நில்லுங்க."

நான் அவள் பக்கத்திலேயே போய் நின்றேன். விழுந்தால் பிடிப்பதற்கு அதுதான் வசதி.

"தள்ளிப் போங்க. வலைப்பந்துல மூணு அடி தள்ளித்தான் நிக்கணும். கையத் தூக்கலாம், ஆளத் தொடக் கூடாது."

"நிரஞ்சி, இன்னொரு மாசம் பொறுத்து..."

"மூணு அடி."

மூன்று அடி தள்ளி நின்றேன். பந்தைச் சுவரில் அடித்தாள். அது திரும்பி உயரமாக வந்தது. எழும்பிப் பிடித்தாள். இடது காலில் இறங்கினாள். அந்தக் காலில். உடம்பு முழுக்க என்னை முன்னால் தள்ளியது. கையைத் தூக்கியபடி அப்படியே நின்றேன், தொடவில்லை. அவள் சுழன்றாள். காலும் சுழன்றது.

நின்றாள். பந்து கையில் இருந்தது. கொஞ்ச நேரம் கீழே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கையக் கீழ போடுங்க," என்றாள். கண் நிறைந்திருந்தது. "முடிஞ்சிருச்சி. இப்ப கிட்ட வரலாம்."